லேடி ஹொனோராவின் வலப்பக்கம்

2002ஆம் ஆண்டு ஒக்டோபரில் துப்புரவுக் கம்பனிக்காரர் சிசிலிக்கு ஒரு புது முகவரியை எழுதிக் கொடுத்தார். அது ஒரு கப்பல் என்று அவர் சொல்லவில்லை. பழைய துறைமுகத்தின் கிழக்குக் கோடியில், மழைக்குள், இலக்கம் போட்ட கட்டடம் ஒன்றைத் தேடி இரண்டு தரம் மேலும் கீழும் நடந்தாள். பிறகுதான் கரையோடு வடங்களால் கட்டியிருந்த அந்தக் கறுத்த இரும்புச் சுவரில் அதே இலக்கம் ஒரு தகட்டில் தொங்குவதைக் கண்டாள். அண்ணாந்து பார்த்தால் இரண்டு புகைக்கூண்டுகள். நடைபாலத்தின் கைபிடியைப் பிடித்தபடி சிறிது நேரம் அப்படியே நின்றாள். தண்ணீரில் மிதக்கும் எதிலும் கால் வைப்பதில்லை என்று பன்னிரண்டு வருசமாக இருந்தவள் அவள்.

1990இல் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு முப்பத்தொரு பேருடன் ஒரு வள்ளத்தில் போனாள். மடியில் ஒரு வயது நிரம்பாத றொசானா. பாதி வழியில் காலடிப் பலகைக்குக் கீழே தண்ணீர் பேசத் தொடங்கியது. பால்மா டின் ஒன்றால் சிசிலி அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். ஓட்டி வந்தவர் வழி முழுக்க "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அவரும் வேகமாக அள்ளினார். கரை சேர்ந்தார்கள். மண்டபம் முகாமில் நான்கு வருசம். பிறகு, முன்பே கனடா போயிருந்த கணவர் செபமாலை இருவரையும் மொன்ட்ரியாலுக்கு எடுத்துக்கொண்டார். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் வீடு. செபமாலைக்கு டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. சிசிலிக்குத் துப்புரவு வேலை. அவள் வாழ்க்கை அவ்வளவுதான் என்று அவளே சொல்லியிருப்பாள், அந்தக் கப்பல் இல்லையென்றால்.

கப்பலின் பெயர் லேடி ஹொனோரா. பனி உடைக்கும் கப்பல். நீராவியில் ஓடியது. 1905இல் ஸ்கொட்லாந்தில் கட்டி, அத்திலாந்திக்கைக் கடந்து கொண்டுவந்தார்கள். இப்போது ஒரு சங்கம் அதை அருங்காட்சியகமாக வைத்திருந்தது. சிசிலி கிழமையில் மூன்று நாள் காலையில் போய்க் கூட்டித் துடைக்க வேண்டும். முதல் வருசம் அதன் கதை எழுதியிருந்த சுவர்ப் பலகைகளை அவள் வாசித்ததில்லை. தூசிதான் தட்டினாள். கதையைச் சொன்னவர் ரெஜான்.

ரெஜானுக்கு எழுபத்து மூன்று வயது. கப்பல் ஓய்வுபெறுவதற்கு முந்தின ஐந்து வருசம் அதன் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவராக இருந்தவர். இப்போது சம்பளமில்லாமல் ஒவ்வொரு நாளும் வந்து, ஓடாத இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சங்கத்தின் நிர்வாகி கத்தரின் அவரைத்தான் பொறியியலாளர் என்று வருகிறவர்களுக்கு அறிமுகப்படுத்துவாள். ரெஜானின் பிரெஞ்சு வாய்க்குள்ளேயே உருளும். சிசிலிக்கு முதலில் பாதிதான் விளங்கியது. ஆனால் கையைக் காலை ஆட்டி அவர் சொல்லும்போது எல்லாம் விளங்கிவிடும்.

"பனியை மூக்கால் குத்தி உடைப்பதில்லை, மடாம் சிசில்," என்று ஒரு நாள் சொன்னார். "அவளுடைய முன்பக்கம் கரண்டி மாதிரி. ஓடி வந்து பனிக்கு மேலே ஏறிப் படுப்பாள். அவளுடைய கனத்தில் பனி நொறுங்கும். பின்னால் போவாள். திரும்பவும் ஓடி வருவாள். ஒரு நாளைக்கு அறுபது தரம், எழுபது தரம்."

ஆற்றின் ஒடுங்கிய இடங்களில் பனி வந்து அடைத்தால் மேலேயுள்ள ஊர்களுக்குள் வெள்ளம் ஏறிவிடும். அந்த அடைப்பைத் திறந்துவிடுவதுதான் அவளுடைய வேலை. கீழே நான்கு கொதிகலன்கள். வெளியே மூக்கு விறைக்கும் குளிர். கீழே இடுப்புக்கு மேல் துணியில்லாமல் பதினாறு பேர் முறைவைத்து நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் மோதும் ஒவ்வொரு முறையும் அவர்கள் அடுப்பு வாயில் விழாமல் இருக்க ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கம்பி இன்னும் இருந்தது. நடுவில் தேய்ந்து மெலிந்திருந்தது. சிசிலி அதைத் துடைக்கும்போது விரல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும்.

1917 மாசி மாதத்துக் கதையை ரெஜான் கொதிகலன் அறையின் வலப்பக்கச் சுவருக்கு முன்னால் வைத்துத்தான் சொன்னார். பதினோரு நாளாக ஒரே அடைப்பை மோதிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பனிப்பாளம் ஒன்று திரும்பி, வலப்பக்கத்து நிலக்கரி அறையின் தகட்டைக் கிழித்துவிட்டது. தண்ணீர் பாய்ந்தது. கப்பலைக் காப்பாற்ற நிலக்கரி அறையின் இரும்புக் கதவை இழுத்து மூடச் சொன்னார் கப்டன். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

"அவைக்குத் தெரியுமா, மூடப் போறது?" சிசிலி தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னாள்.

"தட்டினார்களாம்," என்றார் ரெஜான். "அதை மட்டும் பலகையில் எழுதவில்லை."

அந்த ஓட்டையைப் பனிக்கு மேலேயே வைத்து அடைத்தார்கள். உள்ளே மரப்பெட்டி அடித்து, அதற்குள் சீமெந்து ஊற்றி, வெளியே ஒரு தகட்டை வைத்துத் தறையாணி அடித்தார்கள். இப்போது அந்தச் சுவரை அழகான மரப்பலகைகள் மூடியிருந்தன. அவற்றின்மேல் அந்தப் பதினாறு பேரின் படம் தொங்கியது.

2005 தை மாதம் ஒரு நாள் சிசிலி கொதிகலன் அறையின் தரையைக் கழுவினாள். அழுக்குத் தண்ணீர் எப்போதும் இடப்பக்கத்து வடிகாலுக்குத்தான் ஓடும். அன்று நடுவில் நின்றது. வடிகால் அடைத்துவிட்டதாக்கும் என்று கம்பி விட்டுக் குத்திப் பார்த்தாள். அடைப்பு இல்லை. அடுத்த கிழமை தண்ணீர் மெதுவாக வலப்பக்கம் போய், மரப்பலகையின் அடியில் மறைந்தது.

அதன்பிறகு அவள் வாளியைத் தரையில் வைத்ததும் உள்ளே பார்க்கத் தொடங்கினாள். தண்ணீர் வாளியின் விளிம்பிலிருந்து ஒரு பக்கம் மூன்று விரல், மறுபக்கம் இரண்டு விரல். தை முடிவில் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. மரப்பலகையின் அடியில் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு எழும்பியது. துடைத்தாள். இரண்டு நாள் கழித்துப் போனால் கோடு அதற்கு மேலே இருந்தது. ஊறின பழைய கரியின் மணம் வந்தது.

வேலை முடிந்ததும் நிரப்ப வேண்டிய ஒரு தாள் இருந்தது. கூட்டியது, துடைத்தது, கழிப்பறை என்று கட்டங்கள். கடைசியில் குறிப்புக்கு ஒரு சிறு இடம். இரண்டு வருசமாக அதில் எதுவும் எழுதாதவள், அன்று "தண்ணீர், வலப்பக்கம்" என்று பிரெஞ்சில் எழுதினாள். அடுத்த முறையும் எழுதினாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் கத்தரினின் கையெழுத்து விழுந்தது.

ரெஜானிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அவளுக்கு இரண்டு பக்கமும் தொட்டிகள் இருக்கின்றன. பனிக்குள் இறுகினால் தண்ணீரை இங்கேயும் அங்கேயும் இறைத்து இடுப்பை ஆட்டி வெளியே வருவாள். அதில் கிடந்த தண்ணீர்தான் இடம் மாறியிருக்கும். ஒன்றுமில்லை, மடாம் சிசில்."

ஒன்றுமில்லை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் குனிந்து வாளிக்குள் இன்னொரு தரம் விரல் வைத்து அளந்தாள்.

அன்று வீட்டில் செபமாலை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். வாளியின் கதையைக் கேட்டுவிட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமலே இருந்தார்.

"கரையில கட்டின கப்பல்தானே. கட்டின கயிறு பிடிக்குமோ பிடிக்காதோ?"

"கயிறு பிடிக்கிறது இருக்கட்டும். அடியில எவ்வளவு ஆழம் எண்டு ஆருக்குத் தெரியும்? பள்ளிக்கூடப் பிள்ளையள் வருதுகள் அதுக்குள்ள."

"அப்ப பெரியவவிட்டச் சொல்லன்."

"எனக்கு அந்தளவு பிரெஞ்சு வருமே? தண்ணி எண்டு சொன்னால், துடை எண்டு சொல்லுவா."

றொசானா அறைக்குள்ளிருந்து வந்தாள். பதினைந்து வயது. தமிழைக் கேட்டு, பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவள். அன்று தாயின் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள். "நான் கடிதம் எழுதித் தரட்டாம்மா?"

நல்ல பிரெஞ்சில் அரைப்பக்கம். கப்பல் ஐந்து கிழமையாக வலப்பக்கம் சரிகிறது, மரப்பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். கத்தரின் அதை வாசித்துவிட்டுச் சிசிலியின் தோளில் கைவைத்தாள். கெட்ட மனுசியில்லை. "உங்கள் மகள் அழகாக எழுதுகிறாள்," என்றாள். "எங்கள் பொறியியலாளர் பார்த்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை."

மாசி நடுவில் சிசிலி வழக்கத்தைவிட நேரத்துக்குப் போனாள். கொதிகலன் அறையில் ரெஜான் மட்டும் நின்றார். மரப்பலகை ஒன்றைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் அவளும் பார்த்தாள். மரப்பெட்டி இல்லை, உக்கிப் போயிருந்தது. சாம்பல்நிறச் சீமெந்துக் கட்டி தகட்டைவிட்டு ஒரு கை அகலம் விலகி நின்றது. இடையிலே பனி. இரும்பின் வெடிப்பு முழுவதையும் வெள்ளைப் பனி இறுக்கி அடைத்திருந்தது. அதற்குக் கீழே கறுத்த தண்ணீர் அசையாமல் கிடந்தது.

ரெஜான் திரும்பினார். அவளைக் கண்டு கோபிப்பார் என்று நினைத்தாள். அவர் பலகையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பனிதான் பிடித்திருக்கிறது," என்றார். "உள்ளேயும் பனி, வெளியேயும் பனி. ஐம்பத்தெட்டு வருசம் அதை உடைத்தாள். இப்போது அதுதான் அவளைத் தூக்கி வைத்திருக்கிறது."

"பனி போனால்?"

"அதற்கு முன்னால் நான் செய்வேன். புதுச் சீமெந்து. ஒரு பம்ப் ஏற்பாடு செய்திருக்கிறேன்."

"கத்தரினுக்குச் சொல்லுங்கோ."

"சொன்னால் பழுதுபார்க்க உலர்துறைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், மடாம். அங்கே தகட்டைத் தட்டிப் பார்த்ததும், இது உதவாது, வெட்டு என்பார்கள். அவள் திரும்பி வரமாட்டாள்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பங்குனி முடியமட்டும் ஆறு உறைந்துதான் இருக்கும். எனக்கு ஒரு மாதம் தாருங்கள்."

சிசிலி வாளியை எடுத்துக்கொண்டாள். அன்றைய தாளிலும் அதையேதான் எழுதினாள், "தண்ணீர், வலப்பக்கம்". ஆனால் கத்தரினின் கதவைத் தட்டவில்லை. பலநாள் அதை நினைத்து அவள் தன்னைத்தானே கேட்டிருக்கிறாள். ஒரு கிழவனுடைய முகத்துக்காகவா, தன் பிரெஞ்சுக்காகவா, வேலை போய்விடும் என்றா. மூன்றும் இருந்தன.

அந்த வருசம் உயிர்ப்பு ஞாயிறு பங்குனிக்குள்ளேயே வந்துவிட்டது. பெரிய கிழமையில் திங்களும் செவ்வாயும் மழை பெய்தது. பனிமழையல்ல, வெறும் மழை. வீட்டு யன்னலுக்கு வெளியே கூரைப்பனி வழுகி விழும் சத்தம் கேட்டபடியே இருந்தது. சிசிலி சமைத்ததைச் சாப்பிடவில்லை. பெரிய கிழமை ஒருத்தல் விரதம் என்று செபமாலை நினைத்துக்கொண்டார்.

புதன் காலை அவள் துறைக்குள் வந்தபோது முதலில் பார்த்தது கப்பலை அல்ல, தண்ணீரை. மூன்று மாதமாகக் கப்பலின் பக்கத்தோடு ஒட்டியிருந்த பனி ஒரு சாண் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் கறுத்த தண்ணீர் மேலும் கீழும் போய்வந்தது. கரையில் கட்டிய வடங்கள் தொய்வில்லாமல் விறைத்து, பிழிந்த துணிபோலச் சொட்டிக்கொண்டிருந்தன. நடைபாலத்தில் ஏறியபோது கால் ஒருபக்கம் இழுபட்டது.

மேல்தட்டில் சின்ன மழைச்சட்டைகள் வரிசையாகத் தொங்கின. இருபத்தேழு இருந்தன என்று பிறகு சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு வந்திருந்தது.

அவள் கைப்பையோடேயே ஏணியால் கீழே இறங்கினாள். கொதிகலன்களுக்கு முன்னால் பிள்ளைகள் அரைவட்டமாக நின்றார்கள். இரண்டு ஆசிரியைகள் நின்றார்கள். அந்தத் தேய்ந்த கம்பியை ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்க்கும்படி ரெஜான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் வழக்கம்போல இருந்தது. ஆனால் கண் வலப்பக்கச் சுவரைவிட்டு எடுபடவில்லை. பதினாறு பேரின் படம் சுவரோடு அழுந்திச் சாய்ந்து கிடந்தது. பலகைகளின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. வேகமாக அல்ல. ஒரு தாள் அகலத்துக்கு, சத்தமில்லாமல்.

சிசிலி அவரருகே போனாள். "முசியே ரெஜான், பிள்ளைகளை மேலே ஏற்றுங்கள்."

"பத்து நிமிடம்," என்றார் வாய்க்குள். "பம்ப்பைப் போட்டுவிடுகிறேன். பயப்படுத்தாதீர்கள். ஏணியில் நெரிபட்டு விழுவார்கள்."

பலகைக்குப் பின்னால் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வள்ளத்தில் கேட்டது இல்லை. அதைவிடத் தாழ்வாக, தொண்டையைச் செருமுவதுபோல.

ஏணியடியில் சிவப்புப் பெட்டியில் தீ எச்சரிக்கைக் கைபிடி இருந்தது. ஒவ்வொரு திங்களும் அதன் கண்ணாடியைத் துடைத்தவள் அவள்தான். பிடித்து இழுத்தாள். மணி அலறியது. ஆசிரியைகள் பயிற்சி எடுத்தவர்கள்போலப் பிள்ளைகளை இரண்டிரண்டாக ஏணியில் ஏற்றினார்கள். ஒரு சிறுமி தன் மழைச்சட்டை வேண்டும் என்று அழுதாள். சிசிலி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடைபாலத்தைத் தாண்டி, கரையில் இறக்கிவிட்டு, திரும்பிப் போய் ஏணி வாயில் குனிந்தாள்.

கீழே ரெஜான் முழங்காலளவு தண்ணீரில் பம்ப்பின் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாருங்கள்," என்று கத்தினாள். "எல்லாரும் போய்விட்டார்கள், வாருங்கள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவள் தாங்குவாள்," என்றார். பிறகு குழாயோடு கொதிகலனுக்குப் பின்னால் போனார்.

கரையில் கத்தரின் நின்றாள். முகம் சிவந்திருந்தது. "யார் இழுத்தது? எங்கே தீ?"

"நான்தான்," என்றாள் சிசிலி. "தீ இல்லை. ரெஜான் கீழே—"

அவள் முடிக்கவில்லை. முதலாவது வடம் அறுந்தது. கப்பல் என்னைப் பார்க்காதீர்கள் என்பதுபோல மெதுவாகக் கரைக்கு மறுபக்கம் திரும்பிச் சாய்ந்தது. நடைபாலம் தண்ணீருக்குள் வழுக்கியது. புகைக்கூண்டு ஒன்று பனிமேல் விழுந்து, அதை உடைத்தது. பிள்ளைகளில் ஒருவரும் கத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள். அரை மணித்தியாலத்துக்குள் லேடி ஹொனோரா துறையின் அடியில் வலப்பக்கமாகப் படுத்துவிட்டது. தண்ணீருக்கு மேலே இடப்பக்கத்து இரும்பு மட்டும் ஒரு நீண்ட முதுகுபோலத் தெரிந்தது. அதற்குள்ளிருந்து தட்டும் சத்தம் வருகிறதா என்று தீயணைப்புப் படையினர் காதை வைத்துக் கேட்டார்கள். சிசிலி அங்கேயே நின்றாள். ஒரு சத்தமும் இல்லை என்று கடைசியில் ஒருவர் கையசைத்தார். மூன்றரை மணிக்குச் சுழியோடிகள் ரெஜானை வெளியே கொண்டுவந்தார்கள்.

சித்திரை முடிவில் கப்பலைத் தூக்கினார்கள். 1917இல் அடித்த தகடு கழன்று போயிருந்தது. சீமெந்துக் கட்டி துறையின் அடியில் தனியாகக் கிடந்தது. ஆடி மாதத்தில் கப்பலை வெட்டி முடித்தார்கள்.

விசாரணை புரட்டாதியில் நடந்தது. றொசானா பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். சிசிலி எழுதிய தாள்கள் மேசையில் அடுக்கியிருந்தன. இருபத்திரண்டு தாள்கள், இருபத்திரண்டு தரம் "தண்ணீர், வலப்பக்கம்". கத்தரின் தன் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டு அழுதாள். விசாரித்தவர் சிசிலியிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சீமெந்து விலகியதை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகும், ஏன் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை?"

றொசானா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினாள். "எனக்கு விளங்கினது, பிள்ளை," என்றாள் சிசிலி. பிறகு பிரெஞ்சில், தானே சொன்னாள். "அவர் ஒரு மாதம் கேட்டார். நான் கொடுத்தேன்."

அறிக்கையில் அவள் பெயர் வரவில்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் என்று இரண்டு இடத்தில் இருந்தது.

அன்று வெளியே வந்தபோது, நீண்ட நடைவழியில் வயதான ஒரு பெண் எழுந்து நின்றாள். ரெஜானின் மனைவி. வெர்டனில் நடந்த அடக்கப் பூசையில் சிசிலி அவளைத் தூரத்தில் இருந்து பார்த்திருந்தாள்.

"கடைசியாக அவரோடு பேசியது நீங்கள்தானாம்," என்றாள் அவள். "என்ன சொன்னார்?"

சிசிலி அவளுடைய கறுப்புக் கையுறைகளைப் பார்த்தாள். "பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்களா என்று கேட்டார், மடாம்."

கிழவி தலையை ஆட்டினாள். "நாற்பத்தொன்பது வருசம் அவரோடு இருந்தேன்," என்றாள். "அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்."

றொசானா தாயைப் பார்த்தாள். சிசிலிக்கு முகம் சுட்டது.

"அவள் தாங்குவாள் என்றார்," என்றாள்.

"ஓ," என்றாள் ரெஜானின் மனைவி. அவளுடைய தோள்கள் இறங்கின. "சரி. அதுதான்." சிசிலியின் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து போனாள்.

கம்பனிக்காரர் அதற்கு முதலே சிசிலியை டவுன்டவுனில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார். பதினான்காம் மாடி. அன்று இரண்டு மணிக்கு வேலை தொடங்கும். றொசானாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மெட்ரோவில் ஏறி, நேரத்துக்கே போய்ச் சேர்ந்தாள்.